ஒழுகுற ஸ்பா தொட்டிக்கு ஒரு முடிவு கட்டுங்க

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நாங்க இருக்கறது பாலக்காடு ஜில்லா சித்தூர் தாலுக்காவுல, கொழிஞ்சாம்பாறைக்கு பக்கத்துல ஒரு தென்னந்தோப்புக்குள்ளங்க. ரேஷன் கார்டு மலையாளத்துல இருக்கும், வீட்ல பேசறது தமிழ், காலைல காப்பியோட படிக்கறது கோயமுத்தூர்ல இருந்து வர்ற உங்க பேப்பரு. தண்ணிய பத்தி யாராச்சும் கடிதம் எழுதியிருந்தா மொதல்ல அதத்தான் படிப்பேன். இதுவரைக்கும் நான் எழுதுனதில்ல, இப்ப எழுதியே ஆகோணும்னு தோணுச்சு, ஏன்னா எங்க வீட்டு பின்னாடி ரெண்டு வருசமா ஒரு தொட்டி ஒழுகிட்டே இருந்துது, அத என்ன பண்றதுன்னு முடிவெடுக்காம நாங்க தள்ளிப்போட்டுட்டே வந்தோம், அந்த ரெண்டு வருசத்துல மண்ணுக்குள்ள போன தண்ணிய நெனச்சா இப்பவும் வயிறு எரியுதுங்க.

கேரளான்னாலே மழை கொட்டும்னு வெளியூர்க்காரங்க நெனைக்கறாங்க. எங்க பக்கம் எருத்தேம்பதி, வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறை இந்த மூணு பஞ்சாயத்தும் மழை மறைவு பகுதி. ஆயிரம் அடி போர் போட்டும் காத்துதான் வருதுன்னு சொல்ற தோட்டக்காரங்க இங்க எத்தனையோ பேரு. ஆழியாத்துல இருந்து எங்க சித்தூர் புழை ஆத்துக்கு தண்ணி விடறதுக்கு 1970ல ரெண்டு ஸ்டேட்டும் ஒப்பந்தம் போட்டாங்க, மணக்கடவு தடுப்பணைல வருசத்துக்கு 7.25 டிஎம்சி குடுக்கோணும்னு கணக்கு, அந்த தண்ணி எப்ப வரும் எவ்வளவு வரும்னு வருசா வருசம் எங்காளுங்க மூலத்தரா அணை பக்கம் பார்த்துட்டு உக்காந்திருப்பாங்க. கொஞ்ச தூரத்துலதான் பிளாச்சிமடை, கிணத்து தண்ணி கெட்டுப்போச்சுன்னு மயிலம்மா முன்னால நின்னு 2002ல போராட ஆரம்பிச்சு, 2004ல அதுக்கு காரணம்னு சொன்ன கொக்கக் கோலா குளிர்பான ஃபேக்டரி ஓட்டம் நின்ன ஊரு. இப்படி ஒரு ஊர்ல இருந்துட்டு வீட்டுக்கு பின்னாடி ஒரு தொட்டிய ஒழுக விட்டது தப்புங்க, அத நான் மறைக்கப் போறதில்ல.

விசயத்துக்கு வர்றேன். என் பையன் மஸ்கட்ல வேலை பாக்கறான். 2014ல வீட்ட இடிச்சு கட்டறப்ப, லீவுக்கு வர்ற கொழந்தைங்களுக்காகன்னு சொல்லி பின்னாடி ஒரு சின்ன நீச்சல் குளம் கட்டுனான், 24 அடி நீளம் 12 அடி அகலம். அதோட ஒரு மூலைல ஒட்டுனாப்ல ஒரு வட்டத் தொட்டி, அதத்தான் ஸ்பான்னு சொல்றாங்க, 7 அடி அகலம், 3 அடி ஆழம், குளத்த விட ஒரு அடி ஒசரம். உள்ள சுத்தி உக்கார்றதுக்கு திண்டு, முதுகுக்கு நேரா தண்ணி பீச்சறதுக்கு ஆறு ஜெட்டு, குமிழி விடறதுக்கு ஒரு ப்ளோயரு, தண்ணி சூடு பண்ண ஒரு ஹீட்டரு. ஸ்பா நெறஞ்சா முன்பக்கம் இருக்கற வெட்டு வழியா தண்ணி குளத்துக்குள்ள வழியும், பாக்க நல்லாத்தான் இருந்துது. ரெண்டுக்கும் ஒரே பம்ப், ஒரே ஃபில்டரு. இந்த ஒரே பம்ப்பு விசயம் முக்கியம், பின்னாடி சொல்றேன்.

ஏப்ரல் மாசம் 40 டிகிரிய தொடற ஊர்ல சுடுதண்ணிக்குள்ள போயி உக்கார்றதுக்கு யாருக்குத்தான் தோணும். மார்கழில ரெண்டு வருசம் உக்காந்தாங்க, அதோட சரி. ஹீட்டரு துரு புடிச்சு நின்னு போச்சு, ப்ளோயருக்குள்ள அணில் கூடு கட்டுச்சு. ஆனா குளம் ஓடிட்டுதான் இருந்துது, ஏன்னா எங்க வீட்டுக்காரருக்கு முட்டி தேஞ்சு போச்சு, தண்ணிக்குள்ள நடங்கன்னு டாக்டர் சொல்லியிருக்காரு, தெனம் காலைல அரை மணி நேரம் இடுப்பளவு தண்ணில நடக்கறாரு, அதுல அவருக்கு நல்ல குணம் தெரியுது. அதனால குளம் வேணும், ஸ்பா வேண்டாம், ஆனா ரெண்டும் ஒட்டிப் பொறந்த மாதிரி இருக்குது, இதுதான் எங்க சிக்கல்.

குளத்துல தண்ணி கொறையுதுன்னு மொதல்ல கண்டுபுடிச்சவரு தோட்டத்துல வேலை பாக்கற அண்ணன்தான். அக்கா, மூணு நாளைக்கு ஒருக்கா பைப்ப தொறந்து விட வேண்டியிருக்குதுங்க்கான்னு சொன்னாரு. வெயிலு, பாலக்காட்டு கணவாய் காத்து வேற, ஆவியா போகுதுன்னு நாங்க நெனச்சுட்டோம். அங்கதான் நெறைய பேரு ஏமாந்து போறாங்க. ஆவியா போறது எவ்வளவு, ஒழுகறது எவ்வளவுன்னு பிரிச்சு பாக்கறதுக்கு ஆளே கூப்புட வேண்டாம், ஒரு பக்கெட் போதும். பக்கெட்ல குளத்து தண்ணிய நெரப்பி, அடில ஒரு கல்ல போட்டு, குளத்து படில பாதி முங்கற மாதிரி வெச்சு, பக்கெட்டுக்குள்ள இருக்கற தண்ணி மட்டத்துக்கு ஒரு கோடு, வெளிய குளத்து மட்டத்துக்கு ஒரு கோடு போட்டு, ஒரு நாள் விட்டுடோணும். ரெண்டுக்கும் ஒரே வெயிலு ஒரே காத்துதான. ரெண்டும் ஒரே அளவு எறங்குனா அது ஆவி, குளம் மட்டும் அதிகமா எறங்குனா அது ஒழுக்கு.

எங்க வீட்ல பக்கெட்டுல கால் இன்ச் எறங்குச்சு, குளத்துல ஒன்னரை இன்ச். பம்ப் ஓடுன நாள் அது. அடுத்த தடவ ஸ்பாவுக்கு போற வால்வ ரெண்டையும் இறுக்க மூடிட்டு அதே மாதிரி வெச்சேன், அப்ப குளமும் பக்கெட்டும் ஒரே மாதிரி கால் இன்ச்தான். அப்ப குளத்து மேல தப்பில்ல, தண்ணி பூரா ஸ்பா வழியாத்தான் போகுது, பம்ப் குளத்துல இருந்து எடுத்து எடுத்து ஸ்பாவுக்கு குடுத்துட்டே இருக்கறதால ஸ்பா எப்பவும் நெறஞ்சு தெரியுது, கொறையறது குளத்துல தெரியுது. இத தெரிஞ்சுக்காம குளத்து டைல்ஸ பூரா ஒடச்சு பூசிடலாம்னு ஒரு பார்ட்டி எங்கள கெளப்பி விட்டாங்க, நல்ல வேளை பக்கெட் வெச்சு பார்த்தோம்.

ஆவி போக மிச்சம் ஒன்னே கால் இன்ச், அது என்ன பெரிய விசயம்னு கேப்பீங்க. 24க்கு 12 குளத்துல ஒரு இன்ச் எறங்குனா 680 லிட்டர். ஒன்னே கால் இன்ச்சுக்கு 850 லிட்டர், அதுவும் ஒரே நாள்ல. பதினஞ்சு லிட்டர் கொடத்துல கணக்கு போட்டா அம்பத்தாறு கொடம் வருது. கிராமத்துல ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் தண்ணி குடுக்கோணும்னுதான் ஜல் ஜீவன் திட்டத்துல அளவு வெச்சிருக்காங்க, அப்படி பாத்தா பதினஞ்சு பேரு ஒரு நாள் பொழங்கற தண்ணி எங்க வீட்டு பின்னாடி யாருக்கும் ஒதவாம கீழ போயிட்டிருந்துது. மாசத்துக்கு 25,000 லிட்டருக்கு மேல, பெரிய லாரில ரெண்டு லோடு. சித்திரை மாசம் எங்க ரோட்டு முக்குல லாரி வர்றப்ப பொம்பளைங்க கொடத்த வரிசைல வெச்சுட்டு வெயில்ல நிக்கறாங்க, அதுல பாதி பேரு எங்க தோட்டத்துக்கு களையெடுக்க வர்றவங்க. அந்த கணக்க பேப்பர்ல எழுதிப் பாத்த அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரலைங்க.

சரி, ஸ்பால எங்க ஒழுகுது? வால்வ மூடி விட்டப்புறம் ஸ்பா தண்ணி தெனம் எறங்கி எறங்கி ரெண்டு நாள்ல ஜெட்டு இருக்கற மட்டத்துக்கு வந்து அப்படியே நின்னுடுச்சு. அதுக்கு கீழ எறங்கவே இல்ல. ஒழுகற தண்ணி எங்க போயி நிக்குதோ அந்த மட்டத்துலதான் ஓட்டை இருக்கும்னு பாலக்காட்டுல இருந்து வந்த இஞ்சினியர் தம்பி சொன்னான். அப்ப அடித்தளம் நல்லா இருக்கு, ஜெட்டோ அதுக்கு பின்னாடி பைப்போதான். பம்ப் ஓடறப்ப இன்னும் வேகமா போச்சுன்னா அது தண்ணிய தள்ளற பக்கத்து பைப்புன்னும் சொன்னான்.

எந்த ஜெட்டுன்னு பாக்கறதுக்கு ஒரு வேலை பண்ணுனோம். தொட்டிய மறுபடி நெரப்பி, பம்ப்ப நிறுத்தி, தண்ணி ஆடாம அசையாம இருக்கறப்ப, மாட்டுக்கு மருந்து குடுக்கற ஊசி போடாத சிரிஞ்சுல கேசரி பவுடர் கரச்ச தண்ணிய எடுத்துட்டு ஒவ்வொரு ஜெட்டு ஓரத்துலயும் மெதுவா ஒரு சொட்டு விட்டேன். மொத ரெண்டு ஜெட்லயும் அந்த கலரு அப்படியே நின்ன எடத்துல மேகம் மாதிரி கலைஞ்சுது. மூணாவதுல விட்டதும் ஒரு நூல் மாதிரி நீண்டு, ஊதுபத்தி பொக ஜன்னல் பக்கம் போற மாதிரி, ஜெட்டோட வளையத்துக்கும் டைல்ஸுக்கும் நடுவுல இருந்த ஒரு முடி அளவு சந்துக்குள்ள போயி மறஞ்சுடுச்சு. மறுபடி விட்டேன், மறுபடி உள்ள போச்சு. அஞ்சாவதுலயும் அதே மாதிரி. அந்த ஆரஞ்சு நூல பாத்துட்டு எங்க வீட்டுக்காரரு ஒன்னும் பேசல, தலைல கட்டியிருந்த துண்ட அவுத்துட்டு தொட்டி விளிம்புல உக்காந்துட்டாரு.

காரணம் எங்க மண்ணுங்க. சித்தூர் பக்கம் கரிசல் மண்ணு, மழைக்கு ஊதும், வெயிலுக்கு வெடிக்கும், வெடிப்புக்குள்ள கை போகும். குளம் ஒரு கனம், ஸ்பா ஒரு கனம், ரெண்டுக்கும் நடுவுல பைப்பு. மண்ணு வருசா வருசம் தூக்கி எறக்கறப்ப விறைப்பா இருக்கற பிவிசி பைப்பு ஜாயிண்ட்ல விட்டுக் குடுத்துடுது. அப்புறம் ஒழுகற தண்ணி அந்த பக்கத்து மண்ண மட்டும் எப்பவும் ஈரமா வெச்சுக்குது, இந்த பக்கம் காஞ்சு கெடக்குது, அதனால சமையக்கட்டு மூலைல செவுத்துல ஒரு வெடிப்பு ஓடுச்சு, நாங்க அத பெயிண்ட் வெடிப்புன்னு நெனச்சு பட்டி வெச்சு பூசிட்டிருந்தோம்.

அப்புறம் என்ன பண்றதுன்னு வீட்ல ஆளாளுக்கு ஒன்னு சொன்னாங்க. பையன் ஃபோன்ல, சரி பண்ணிடலாம்மா, எவ்வளவு ஆகும்னு கேளுன்னான். கேட்டேன். சுத்தி தளத்த ஒடச்சு, ஸ்பா செவுத்துக்கு பின்னாடி தோண்டி, ஆறு ஜெட்டுக்கும் பைப்ப புதுசா போட்டு, ப்ளோயர் லைன மாத்தி, மறுபடி டைல்ஸ் ஒட்டி, ஒன்னேமுக்கா லட்சம்னாங்க, ஹீட்டர் தனி. யாருமே உக்காராத ஒரு தொட்டிக்கு. அதுவும் மண்ணு மாறப்போறதில்ல, இன்னும் நாலு வருசத்துல மறுபடி விட்டுக் குடுக்காதுன்னு யாரும் உறுதி சொல்லல. எங்க அத்தைக்கு எண்பத்தி ரெண்டு வயசு, கிணத்துல மாடு பூட்டி கவலை எறைச்ச காலத்த பாத்தவங்க, ஓட்டப் பானைக்கு எத்தன தடவ கண்ணு சுண்ணாம்பு பூசுவேன்னு மட்டும் கேட்டாங்க.

மேஸ்திரி உள்பக்கம் வாட்டர் ப்ரூஃப் கெமிக்கல் அடிச்சு விட்டுடலாம்னாரு. ஒழுகறது செவுத்துலயா, பைப்புலயா? பைப்புக்குள்ள யாரு போயி பெயிண்ட் அடிக்கறது. அது வேலைக்காகாதுன்னு ஒரே பேச்சுல விட்டுட்டோம்.

கொழுந்தனாரு மீனு விடலாம்னாரு. ஜெட்ட பூரா அடச்சுட்டு, ஜெட்டுக்கு கீழ வரைக்கும் தண்ணி வெச்சு, கப்பி மீனு தாமரைன்னு. எனக்கே அதுல ஆசை இருந்துது, உண்மைய சொல்லோணும். வால்வ மூடிட்டு அப்படியே கொஞ்ச நாள் விட்டும் பாத்தோம், மீனு வாங்கறதுக்குள்ள பச்ச புடிச்சு போச்சு. ஆஷா வொர்க்கர் பொண்ணு வந்து பாத்துட்டு கொசுப்புழு இருக்குது சேச்சி, வாரத்துக்கு ஒருக்கா தண்ணிய கொட்டிடுங்கன்னு சொல்லிட்டு போச்சு. கொட்டறதுக்கு அது கொடமா?

அந்த பேச்சு முடிஞ்சது புரட்டாசி மாசம் ஒரு சாயங்காலம். பேத்திக்கு ரெண்டரை வயசு. நான் கொடில துணி எடுத்துட்டிருந்தேன், பத்தடி தூரம்கூட இருக்காது. திரும்பி பாத்தா புள்ள ஸ்பா திண்டுக்கு மேல ஏறி நிக்குது, ஒரு கை தொட்டி விளிம்ப புடிச்சிருக்கு, இன்னொரு கை தண்ணில மெதக்கற ஒரு குரும்பைக்கு நீண்டுட்டிருக்கு. காலுக்கு கீழ டைல்ஸ் பூரா பாசி. நான் கத்தல, கத்துனா திரும்பும், திரும்புனா வழுக்கும். துணிய கீழ போட்டுட்டு போயி பின்னாடி இருந்து இடுப்போட தூக்கிட்டேன். அம்மாச்சி, அந்தக் காய், அந்தக் காய்னு அழுதுச்சு. ஒன்னரை அடி தண்ணிதான், ஆனா ரெண்டரை வயசு கொழந்த வழுக்கி குப்புற விழுந்தா எந்திரிக்காதுங்க. அன்னைக்கு ராத்திரியே மஸ்கட்டுக்கு ஃபோன் போட்டு, சாமி, அத நான் மூடப்போறேன்னு சொன்னேன். அவன் ரெண்டு நிமிசம் பேசல, அப்புறம் சரிம்மான்னான்.

மூடறதுன்னா மண்ண கொட்டறதுன்னு நெனைக்காதீங்க. இதுலதான் நெறைய பேரு தப்பு பண்றாங்க, அதுக்காகத்தான் இவ்வளவு விவரமா எழுதறேன்.

தண்ணிய மட்டும் எறச்சுட்டு காலியா விட்டுடலாம்னு சிலர் சொல்வாங்க. விடாதீங்க. 2018 ஆகஸ்ட்ல கொட்டுன மழைல, எங்களுக்கு தெரிஞ்ச ஒரு தோட்டத்துல காலியா கெடந்த ஃபைபர் தொட்டி ஒரே ராத்திரில முக்கா அடி மேல வந்துடுச்சு. கரிசல் மண்ணு தண்ணிய சீக்கிரம் உள்ள விடாது, தொட்டிய சுத்தி தோண்டுன குழிக்குள்ள மழைத்தண்ணி நின்னுக்கும், தொட்டி காலியா இருந்தா படகு மாதிரி தூக்கிடும். பைப்பு எல்லாம் பிச்சுக்கிச்சு. கான்கிரீட்டுக்கும் இந்த பயம் உண்டு.

முழுசா இடிச்சு எடுத்துடலாம்னா, எங்க ஸ்பாவோட ஒரு பக்கத்து செவுருதான் குளத்துக்கும் செவுரு. அத தொட்டா குளம் போச்சு. ஒட்டிக் கட்டுன எல்லாருக்கும் இதே நெலமைதான் இருக்கும், அதனால இடிக்க சொல்றவங்க கிட்ட மொதல்ல நடுச்செவுரு யாரோடதுன்னு கேளுங்க.

இன்னொரு யோசனை எனக்கு ரொம்ப புடிச்சிருந்துது, அத விட்டுக் குடுக்க மனசே வரல. அடில ஓட்டை போட்டு, மொட்ட மாடி மழைத்தண்ணிய இதுக்குள்ள விட்டா நிலத்தடிக்கு போகுமே, இத்தன நாள் வீணாக்குனதுக்கு ஈடு பண்ணுன மாதிரி இருக்குமேன்னு நெனச்சேன். இஞ்சினியர் தம்பி தலைய ஆட்டிட்டான். வேண்டா சேச்சி, குளத்து செவுத்துக்கு பக்கத்துலயே தண்ணிய எறக்குனா மண்ணு ஊதி அந்த செவுத்த தள்ளும், இப்ப பைப்பு ஒழுகி என்ன கெடுதல் ஆச்சோ அதையே நாமளா மழைத்தண்ணில பண்ணுன மாதிரி ஆகும், அதுக்கு உங்க பழைய கிணறு இருக்குதேன்னான். எனக்கு அது ஒறைச்சுது. திருச்சூர் ஜில்லால 2008ல இருந்து மழப்பொலிமன்னு ஒரு திட்டத்துல மாடித் தண்ணிய வடிகட்டி தொறந்த கிணத்துக்குள்ள விடறாங்க, நல்ல பேரு வாங்குன திட்டம். எங்க அப்பாரு காலத்து கிணறு அறுபது அடி தள்ளி சும்மாதான் கெடக்குது. அதனால ஸ்பா ரிப்பேருக்கு போயிருக்க வேண்டிய காசுல ஒரு பங்க மாடில இருந்து கிணத்துக்கு பைப்பு போட்டு, நடுவுல ஜல்லி, மணலு, கரி போட்ட தொட்டி கட்டறதுக்கு எடுத்து வெச்சிருக்கோம், இடவப்பாதி மழைக்குள்ள, அதாவது ஜூன் மாச தென்மேற்கு பருவமழைக்குள்ள, முடிச்சுடோணும்.

ஸ்பாவ மூடுன வேலைய சொல்றேன். மொதல்ல கரண்ட். ஸ்பாவுக்குள்ள இருந்த லைட்டு, ப்ளோயரு, ஹீட்டரு மூணு லைனையும் எலக்ட்ரீசியன் பெட்டியிலயே கழட்டி விட்டாரு, சுவிட்ச ஆஃப் பண்றது மட்டும் பத்தாது. அடுத்து பைப்பு. வால்வ மூடி வெச்சா போதும்னு நெனைக்காதீங்க, வால்வு தேயும், நாலு வருசம் கழிச்சு உள்ளுக்குள்ள கசிய ஆரம்பிச்சா மண்ணுக்கு கீழ ஒழுகறது யாருக்கும் தெரியாது. ஸ்பாவுக்கு போற பைப்பு, ஸ்பாவுல இருந்து இழுக்கற பைப்பு, காத்து பைப்பு மூணையும் பம்ப்பு ரூம்லயே அறுத்து கேப் போட்டு ஒட்டியாச்சு. எந்த பைப்பு எதுன்னு தெரிஞ்சுக்கறதுக்கு ஒதவுனது 2014ல கான்கிரீட் போடறதுக்கு முன்னால பையன் ஃபோன்ல எடுத்த ஒரு ஃபோட்டோ. புதுசா கட்டறவங்க தயவு செஞ்சு அந்த ஃபோட்டோவ எடுத்து வெச்சுக்கோங்க, பக்கத்துல ஒரு டேப்ப விரிச்சு வெச்சு எடுத்தீங்கன்னா இன்னும் நல்லது.

அப்புறம் ஸ்பா அடித்தளத்துல அரை அடி அகலத்துல அஞ்சு ஓட்டை போட்டோம். மழை எறங்கி உள்ள தேங்காம இருக்கறதுக்கு இது கட்டாயம், இல்லேன்னா மூடுன தொட்டி மண்ணுக்குள்ள சேத்துப் பானை ஆயிடும். மாடித் தண்ணிய கொண்டு வந்து எறக்கறது வேற, மேல விழற மழை வடியறது வேற, ரெண்டையும் கொழப்பிக்காதீங்க. குளத்துக்கு வழியற அந்த வெட்ட செங்கல் வெச்சு கட்டி குளத்து பக்கம் டைல்ஸ் ஒட்டியாச்சு. அடில ஒரு அடிக்கு ஒடஞ்ச கான்கிரீட்டும் பெரிய ஜல்லியும், அதுக்கு மேல தண்ணி எறங்கி மண்ணு எறங்காத துணி, அதுக்கு மேல செம்மண்ணு. தோட்டத்து கரிசல் மண்ணு சும்மா கெடக்குதேன்னு அத அள்ளிப் போட்டுடாதீங்க, அது ஊதி நடுச்செவுத்த நெருக்கும். அரை அடி மண்ணு, கொஞ்சம் தண்ணி தெளிச்சு திமிசு போடறது, மறுபடி அரை அடி. ஒரே தடவையா கொட்டுனா அடுத்த மழைக்கு பள்ளம் விழுந்துடும்.

எல்லாம் சேர்த்து ஆறு நாள் வேலைங்க, நாப்பத்தி ரெண்டாயிரம் ஆச்சு. ஹீட்டருக்குள்ள இருந்த செம்பு, பழைய இரும்புக்கடைல கொஞ்சம் காசு குடுத்தாங்க.

இப்ப அந்த வட்டத்துல அரைக்கீரையும் புதினாவும் போட்டிருக்கோம், குளத்து ஓரம் ஒரு அடிக்கு வெறும் கூழாங்கல்லு, குளோரின் தண்ணி தெறிச்சா கீரை கருகும். வேரு போற மரம் எதுவும் வெக்கக்கூடாது, தென்னம்புள்ள வெச்சா வேரு நேரா குளத்து செவுத்துக்குத்தான் வரும். திண்டு இருந்த ஒசரத்துல பேத்தி உக்காந்து கீரைக்கு தண்ணி ஊத்துது.

உங்க பேப்பர் மூலமா ரெண்டு பேருகிட்ட ஒரு வேண்டுகோள். ஸ்பா கட்டி குடுக்கறவங்க, தயவு செஞ்சு அதுக்கு தனி பம்ப்பும் தனி லைனும் போட்டு குடுங்க, கரிசல் மண்ணுல கட்டறப்ப பைப்பு போற எடத்துல ஆத்து மணல் படுக்க போடுங்க, வளைஞ்சு குடுக்கற ஜாயிண்ட் வெய்யுங்க, அதுக்கு ஆகற செலவ நாங்க குடுக்கறோம். அப்புறம் பொள்ளாச்சி, ஆனைமலை, முதலமடை பக்கம் தோட்டத்து வீட்ல இந்த மாதிரி தொட்டி வெச்சு பொழங்காம விட்டிருக்கறவங்க, இந்த ஞாயித்துக்கிழமையே ஒரு பக்கெட் எடுத்து வெச்சு பாருங்க, ஒழுகுச்சுன்னா பொங்கலு போகட்டும் கொழந்தைங்க லீவு போகட்டும்னு தள்ளிப்போடாதீங்க, தெனம் அம்பத்தாறு கொடம்.

எங்க வீட்டு பைப்ப அறுத்து கேப் போட்ட மறுநாள் காலைல அதே பக்கெட்ட அதே படில வெச்சேன். அடுத்த நாள் வீட்டுக்காரரு தண்ணில நடக்க எறங்கறதுக்கு முன்னாடி போயி பாத்தேன். பக்கெட்டுக்குள்ள கால் இன்ச், வெளிய கால் இன்ச். அந்த வாரத்துல இருந்து தோட்டத்து அண்ணன் குளத்துக்கு மூணு நாளைக்கு ஒருக்கா தொறந்து விடற தண்ணிய ரோட்டு முக்குல ஒரு டேங்க் வெச்சு அதுல விடறாரு, சாயங்காலம் யாரு வேணும்னாலும் கொடம் கொண்டாந்து புடிச்சுக்கறாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு ஜில்லா.